காதுக்கு முன்னால் வலிக்கும் தாடை: பல்லை எடுப்பதற்கு முன்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். 32 வயது, நாள் முழுவதும் கணினி முன் வேலை. இரண்டு மாதங்களாக வலது காதுக்குச் சற்று முன்னால் வலி இருக்கிறது. காலையில் எழும்போது தாடை இறுகிக் கிடக்கிறது. கொட்டாவி விட்டால் ‘டக்’கென்று சத்தம் வருகிறது. காது மூக்கு தொண்டை மருத்துவர் காதில் குறையில்லை என்று சொல்லிவிட்டார். ஒரு பல் மருத்துவர் ஞானப்பல்லை எடுக்கச் சொல்கிறார். இன்னொருவர் கடி (மேல்பற்களும் கீழ்ப்பற்களும் பொருந்தும் விதம்) சரியில்லை, சில பற்களை ராவிக் கிளிப் போட வேண்டும் என்கிறார். எம்ஆர்ஐ எடுக்கலாமா, யாரிடம் போவது என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு அடியில் இருக்கும் உண்மையான கேள்வி, இருவரில் யார் சொல்வதை நம்புவது, எதையும் செய்துகொள்ளாமல் இருந்தால் ஆபத்தா என்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் சென்னையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வாய்நோய் மருத்துவம் பார்ப்பவன். உங்கள் வாயை நான் பார்க்கவில்லை. தாடையைத் தொட்டுப் பார்க்காமல் இந்த நோயைத் தீர்மானிக்க முடியாது. ஆகவே நான் எழுதுவதை, அடுத்து நீங்கள் பார்க்கப்போகும் மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்கான தயாரிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பயப்பட வேண்டியவற்றை ஒதுக்கிவிடுவோம். இதயத்துக்கு இரத்தம் போதாமல் போகும்போது வரும் வலி சிலருக்கு நெஞ்சில் தெரியாமல் கீழ்த்தாடையில் மட்டும் தெரியும். அதற்கு ஓர் அடையாளம் உண்டு: மெல்லும்போதோ அழுத்தும்போதோ அது கூடாது; மாம்பலம் ரயில் நிலையத்துப் படியை வேகமாக ஏறினால் வரும், நின்று மூச்சு வாங்கினால் குறையும். அப்படி இருந்தால், குறிப்பாகச் சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ புகைப்பழக்கமோ உள்ளவர்கள், பல் மருத்துவரிடம் நேரம் கடத்தாமல் இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். வியர்வை, மூச்சுத்திணறல், இடது தோள் கனத்தல் ஆகியவற்றோடு திடீரென்று தாடை வலித்தால் 108-ஐ அழைக்க வேண்டும். காய்ச்சலோடு தாடைக்குக் கீழே வீங்கி, விழுங்கவோ வாயைத் திறக்கவோ முடியாமல் போவதும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலைதான்; பல்லிலிருந்து கிளம்பிய சீழ் கழுத்துக்குள் இறங்கினால் மூச்சுக்குழலை அடைத்துவிடும். ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு நெற்றிப்பொட்டில் புதிதாகத் தலைவலி, தலை சீவினால் வலி, சிறிது நேரம் மென்றதும் தாடை சோர்ந்து வலிப்பது, பார்வை மங்குவது ஆகியவை சேர்ந்து வந்தால் அது இரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். நம் ஊரில் அது அரிது, ஆனால் தாமதித்தால் பார்வை போய்விடும். நீங்கள் எழுதியவற்றில் இவை எதுவும் இல்லை.

இந்த நகரத்தில் நான் எல்லோரிடமும் கேட்கும் இன்னொரு கேள்வி உண்டு: பாக்கு, மாவா, குட்கா போடும் பழக்கம் இருக்கிறதா? குட்காவுக்குத் தமிழ்நாட்டில் 2013-இல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தடை வந்தது; பழக்கம் போய்விடவில்லை. பாக்கை வருடக்கணக்கில் கன்னத்தில் அடக்கி வைத்திருப்பவர்களுக்கு உள்கன்னம் வெளுத்து, நார் நாராக இறுகி, வாய் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகும். அவர்கள் தாடை மூட்டு பழுதாகிவிட்டது என்று நினைத்து வருவார்கள். விசாரித்தால் ரசம் சாதம்கூட வாயில் எரிகிறது என்பார்கள். வாய்க்குள் விரலை விட்டுக் கன்னத்தைத் தடவினால் அந்தப் பட்டைகள் கயிறுபோல் கைக்குத் தட்டுப்படும். இது புற்றுநோயாக மாறக்கூடிய நிலை; இதற்கு மூட்டு வைத்தியம் செய்துகொண்டிருப்பது வீண். வெறும் கொட்டைப்பாக்கு போட்டாலும் இது வரும். புகையிலை சேர வேண்டும் என்பதில்லை.

இனி உங்கள் வலிக்கு வருகிறேன். தாடை வலியில் ஏமாற்றமே அதன் இடம்தான். நெற்றி முதல் முகவாய் வரையிலான உணர்வை மூளைக்கு எடுத்துச் செல்வது, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒன்றான முக்கிளை நரம்பு. பல், மூட்டு, மெல்லும் தசை, சைனஸ் எல்லாம் அதன் வழியாகவே செய்தி அனுப்புவதால், எங்கிருந்து வந்தது என்பதை மூளை பல சமயம் தவறாகப் படிக்கிறது. கன்னத்துத் தசையில் பிறந்த வலி கடைவாய்ப் பல்லில் தெரியும்; சீழ் பிடித்த கீழ்க் கடைவாய்ப் பல் காதுக்குள் குத்தும். நோயாளி ஒரு பல்லைத் தொட்டுக்காட்டி ‘இதுதான் டாக்டர்’ என்று உறுதியாகச் சொல்லும்போதுகூட அது அந்தப் பல்லாக இல்லாமல் போகலாம்.

நானே இதில் தவறியிருக்கிறேன். தொழிலுக்கு வந்த தொடக்க ஆண்டுகளில், ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி இடது கீழ்க் கடைவாய்ப் பல்லைக் காட்டி, மின்சாரம் பாய்வதுபோல் வலிக்கிறது என்றார். அதில் பழைய அடைப்பு ஒன்று இருந்தது. அதனால் சந்தேகமே படாமல் ரூட் கெனால் செய்தேன். வலி நிற்கவில்லை. பல்லை எடுத்தேன். மூன்றாம் வாரம் மீண்டும் வந்து உட்கார்ந்தபோதுதான், அவர் முகத்தில் வலது பக்கம் மட்டும் பவுடர் இருப்பதைக் கவனித்தேன். கேட்டதற்கு, இடது கன்னத்தில் கை பட்டாலே வெட்டுகிறது, அதனால் இரண்டு மாதமாக அந்தப் பக்கம் பவுடர் போடுவதில்லை என்றார். சில நொடிகள் மட்டும் வெட்டி மறையும் வலி, லேசாகத் தொட்டாலும் முகம் கழுவினாலும் தூண்டப்படும் வலி, இடையில் ஒன்றுமே இல்லாத அமைதி: அது முக்கிளை நரம்பு வலி. நரம்பியல் மருத்துவர் கார்பமசெபின் மாத்திரையைத் தொடங்கிய சில நாட்களில் வலி அடங்கியது. முதல் நாளே கேட்டிருந்தால் ஒரு பல் மிஞ்சியிருக்கும்.

எனவே இப்போது நான் காரணத்தைத் தேடும் வரிசையைச் சொல்கிறேன். முதலில் வலியின் குணம். குளிர்ந்த நீர் பட்டால் சுரீரென்று ஏறி வெகுநேரம் நிற்கிறதா, இரவில் படுத்ததும் விண்விண்ணென்று தெறிக்கிறதா, ஒரு குறிப்பிட்ட பல்லால் கடித்தால் மட்டும் வருகிறதா என்றால் பல்லைத் தேட வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் மட்டும், சில சமயம் எலுமிச்சை ஊறுகாயைப் பார்த்த மாத்திரத்தில், தாடைக்குக் கீழே புடைத்துக்கொண்டு வலித்து ஒரு மணி நேரத்தில் வடிந்தால் உமிழ்நீர்ச் சுரப்பியின் குழாயில் கல் இருக்கலாம். குனிந்தால் மேல்தாடைப் பற்கள் வரிசையாகக் கனத்து, மூக்கும் அடைத்திருந்தால் சைனஸ். மந்தமாக, அகலமாக, விரலால் இடத்தைச் சுட்ட முடியாமல், காலையிலோ வேலை முடிந்த மாலையிலோ கூடி, மென்றால் அதிகரிக்கும் வலி பெரும்பாலும் தசை. காதுக்கு முன்னால் ஒரே புள்ளியில், வாயைத் திறக்கும்போதும் அசைக்கும்போதும் குத்தினால் மூட்டு. தசையும் மூட்டும் சேர்ந்தே வலிப்பதும் சாதாரணம். உங்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். வாந்திக்குப் போட்ட மாத்திரையால் தாடை இழுத்துக்கொள்வது, மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளால் பல்லைக் கடிக்கத் தொடங்குவது, எலும்புத் தேய்வுக்கான ஊசி போட்டவர்களுக்குத் தாடை எலும்பு பாதிக்கப்படுவது என்று மருந்து வழியாகவும் காரணங்கள் உண்டு. சாப்பிடும் மருந்துகளின் பட்டியலை மறைக்காமல் காட்டுங்கள்.

அடுத்தது விரல். தாடை மூட்டு, தசைக் கோளாறுகளுக்காக 2014-இல் வெளியான சர்வதேச நோயறிதல் வரையறை, மெல்லும் தசைகளை ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தத்திலும், மூட்டை அதில் பாதி அழுத்தத்திலும் தொட்டுப் பார்க்கச் சொல்கிறது. என்னிடம் பயிலும் மாணவர்களைச் சமையலறைத் தராசின் மேல் விரலை ஊன்றி அந்த ஒரு கிலோவைப் பழகச் சொல்வேன், ஏனென்றால் பழகாத கை ஒன்று தடவிவிட்டுப் போகும், அல்லது யாருக்குமே வலிக்கும் அளவுக்குக் குத்தும். பற்களைக் கடித்தால் கன்னத்தில் திரண்டு எழும் தசையையும் நெற்றிப்பொட்டுத் தசையையும் அழுத்திவிட்டு ‘வலிக்கிறதா’ என்று கேட்டால் போதாது; ‘நீங்கள் சொன்ன அதே வலியா’ என்று கேட்க வேண்டும். அந்த ‘அதே’ முக்கியம். அழுத்தினால் எல்லோருக்கும் ஏதோ வலிக்கும். உங்களை இங்கே வரவைத்த வலி என் விரலுக்கடியில் மறுபடி எழுந்தால்தான் இடம் கிடைத்ததாக அர்த்தம். பல்லா தசையா என்று பிறகும் குழப்பம் இருந்தால், சந்தேகப்படும் பல்லுக்கு மட்டும் மரப்பு ஊசி போட்டுப் பார்ப்பேன். பல் மரத்த பிறகும் வலி அப்படியே இருந்தால் அந்தப் பல்லைத் தொடவே மாட்டேன்.

சத்தத்தைப் பற்றி. தாடை மூட்டு கதவுக் கீல்போல் சுழல்வதோடு நிற்காமல், அகலத் திறக்கும்போது முன்னோக்கி வழுக்கவும் செய்கிறது. இரு எலும்புகளுக்கும் நடுவே மெத்தை போன்ற ஒரு வட்டு இருக்கிறது. அது கொஞ்சம் முன்னால் நகர்ந்திருந்தால், வாயைத் திறக்கும்போது எலும்பின் குமிழ் அதன் விளிம்பைத் தாண்டி ஏறும். அதுதான் அந்த ‘டக்’. வலியே இல்லாத ஏராளமானோருக்கு இந்தச் சத்தம் உண்டு. அதற்கு வைத்தியம் தேவையில்லை. கவலைப்பட வேண்டியது சத்தம் திடீரென நின்று, அதே சமயம் வாயும் திறக்காமல் போனால்தான்: வட்டு முன்னால் சிக்கிக்கொண்டு, குமிழால் தாண்ட முடியாத நிலை அது. அப்போது முகவாய் பாதிக்கப்பட்ட பக்கமாக ஒதுங்கும். உங்கள் சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு நடுவே நிறுத்திப் பாருங்கள். நுழைந்தால் பெரும்பாலும் திறப்பு போதுமானது. அளவுகோலில் பெரியவர்களுக்கு 40 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும்; 35-க்குக் கீழே போனால் குறைவு என்போம். வாரம் ஒருமுறை கண்ணாடி முன் இதைப் பார்த்துக் குறித்துவைத்தால் அது எந்த ஸ்கேனையும்விட மருத்துவருக்கு உதவும்.

எம்ஆர்ஐ இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. முதலில் எடுக்க வேண்டியது ஓபிஜி எக்ஸ்ரே. இரு தாடைகளும் எல்லாப் பற்களும் ஒரே படத்தில் தெரியும், பெரிய எலும்புக் கோளாறுகளும் தெரியும். வட்டு அதில் தெரியாது, அதற்கு எம்ஆர்ஐதான். ஆனால் வலியில்லாதவர்களை எம்ஆர்ஐயில் படுக்கவைத்தாலும் அவர்களில் கணிசமானோருக்கு வட்டு நகர்ந்திருப்பது தெரியும். ஆகவே ‘டிஸ்க் டிஸ்ப்ளேஸ்மென்ட்’ என்று அறிக்கையில் வந்துவிட்டால் வலியின் காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. வாய் திறப்பது குறைந்துகொண்டே போனாலோ, கடி மாறினாலோ, முகத்தில் மரமரப்பு வந்தாலோ, சில வாரச் சிகிச்சையில் அசையவே இல்லை என்றாலோ அப்போது எடுக்கலாம்.

இனி அந்த இரண்டு ஆலோசனைகள். ஞானப்பல்லுக்கு மேலுள்ள ஈறு அடிக்கடி வீங்குகிறது, உணவு சிக்கிச் சீழ் நாற்றம் அடிக்கிறது, முன்னாலிருக்கும் பல் சொத்தையாகிறது என்றால் எடுப்பதற்குக் காரணம் உண்டு. அப்படி எதுவும் இல்லாமல், மூட்டு வலிக்கிறது என்பதற்காக மட்டும் எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஏற்கனவே புண்பட்ட மூட்டை வைத்துக்கொண்டு நெடுநேரம் வாயை அகலத் திறந்திருப்பதே வலியைக் கூட்டிவிடும். கடியைச் சரிசெய்வது பற்றி இன்னும் உறுதியாகச் சொல்லலாம். 1934-இல் அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், பல் இழப்பால் கடி தாழ்ந்து மூட்டு அழுந்துவதே இந்தக் காது வலிக்குக் காரணம் என்று எழுதினார். அந்த எண்ணம் பல் மருத்துவத்தில் பல பத்தாண்டுகள் வேரூன்றி நின்றது. பின்னாளைய ஆய்வுகள் அதைத் தாங்கவில்லை. பற்களை ராவிக் கடியை மாற்றுவதால் இந்த வலி தீர்கிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. வரிசை தப்பிய பற்களுக்காகக் கிளிப் போட விரும்பினால் போடுங்கள், அது தனி விஷயம். வலி அடங்கிய பிறகு போடுங்கள். ராவிய பல் திரும்ப வளராது. உங்கள் மருத்துவர்கள் பேராசையில் சொன்னார்கள் என்று நான் கருதவில்லை. எங்களில் பலர் கல்லூரியில் படித்தது அப்படித்தான்.

சிகிச்சைக்கு வருவோம். இந்த வகை வலி பெரும்பாலானோருக்கு எளிய கவனிப்பிலேயே சில வாரங்களில் தணிகிறது. நான் முதலில் கற்றுக்கொடுப்பது ஓர் எழுத்தை. ‘ன்’ என்று உச்சரித்து, நாக்கை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்: நுனி மேல் முன்பற்களுக்குப் பின்னால் மேட்டில் தொட்டிருக்கும், மேல்பற்களும் கீழ்ப்பற்களும் விலகியிருக்கும், உதடுகளை மெல்ல மூடலாம். தாடை ஓய்வெடுக்கும் நிலை அது. மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிரப் பற்கள் ஒன்றையொன்று தொட வேண்டிய தேவையே இல்லை. ஆனால் திரையை உற்றுப் பார்க்கும்போதும், பழைய மகாபலிபுரம் சாலை நெரிசலில் வண்டியில் நிற்கும்போதும் நம்மில் பலர் கடித்துக்கொண்டே இருக்கிறோம். கணினியின் ஓரத்தில் ஒரு சிறு வண்ணப் பொட்டு ஒட்டிவைத்து, கண்ணில் படும்போதெல்லாம் ‘ன்’ வைத்துப் பாருங்கள்; முதல் நாளே எத்தனை முறை கடித்தபடி பிடிபடுகிறீர்கள் என்று தெரியும். இரண்டு, மூன்று வாரங்களுக்கு பரோட்டா, எலும்புக்கறி, முறுக்கு, கரும்பு, சூயிங்கம் வேண்டாம். இட்லி, குழைந்த சாதம், வேகவைத்த காய் போதும். ஆப்பிளைக் கடிக்காமல் நறுக்கிச் சாப்பிடுங்கள். கொட்டாவி வந்தால் முகவாய்க்கடியில் மடக்கிய கையைக் கொடுத்துத் தாங்குங்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கன்னத்துக்கும் நெற்றிப்பொட்டுக்கும் பத்துப் பதினைந்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று முறை ஒத்தடம் கொடுங்கள். ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் சில நாட்களுக்குப் பயன்படும், ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, கர்ப்பம், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து ஆகியவை இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் மருந்துக்கடையில் வாங்கிப் போடாதீர்கள். தாடைப் பயிற்சிகளையும் தசை இறுக்கத்தைக் கையால் தளர்த்துவதையும் இதில் பழகிய பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் கற்றுக்கொள்வது நல்லது. தூக்கம் கெட்டிருந்தாலோ மனம் பதற்றத்தில் இருந்தாலோ அதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். இப்படிச் சொன்னால் ‘எல்லாம் மனப்பிரமை என்கிறீர்களா’ என்று சிலர் கோபப்படுகிறார்கள். வலி உண்மையானது, பதற்றம் அந்தத் தசைகளை இறுக்குவதும் உண்மை.

இரவில் பற்களின் மேல் மாட்டிக்கொள்ளும் உறையான நைட் கார்டு பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அடுத்து அதைத்தான் சொல்வார்கள். இங்கே நான் உறுதியாகப் பேச முடியாது. பல் தேய்மானத்தை அது தடுக்கும், இதில் ஐயமில்லை. வலியைக் குறைக்குமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலிக்காக 2023 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான வழிகாட்டுதல், மனநலப் பயிற்சி, தாடைப் பயிற்சி, கைவழிச் சிகிச்சை ஆகியவற்றை வலுவாகப் பரிந்துரைத்து, கழற்றி மாட்டும் கார்டுகளை அரை மனதோடு வேண்டாம் என்றது. எனினும் காலையில் இறுக்கத்தோடு எழுபவர்கள் சிலருக்கு அது பயன்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். அது கார்டால் வந்ததா, நாள் கடந்ததால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல என்னிடம் வழியில்லை. செய்துகொள்வதானால் எல்லாப் பற்களையும் மூடும் கடினமான அக்ரிலிக் கார்டாக, அளவெடுத்துச் செய்ததாக இருக்கட்டும். முன்பற்களை மட்டும் மூடுவதை நெடுநாள் போட்டால் கடி மாறிவிடக்கூடும்.

வட்டு சிக்கி வாய் திறக்காமல் போனவர்களுக்கு இரு ஊசிகள் வழியாக மூட்டைக் கழுவும் சிகிச்சை உண்டு. வாய்முகத் தாடை அறுவை மருத்துவர்கள் பகுதியை மட்டும் மரக்கவைத்தே செய்வார்கள். தசையில் போடும் போடாக்ஸ் ஊசிக்குச் சான்று இன்னும் தெளிவாகவில்லை, செலவும் அதிகம். மூட்டைத் திறந்து செய்யும் அறுவை மிகச் சிலருக்குத்தான். 1980-களில் அமெரிக்காவில் வட்டுக்குப் பதிலாக டெஃப்லான் கலந்த செயற்கைப் பொருளை வைத்து, அது நொறுங்கி எலும்பை அரித்து, பிறகு திரும்பப் பெறப்பட்ட வரலாறு எங்கள் துறைக்கு நல்ல பாடம்.

யாரிடம் போவது? இரண்டாம் கருத்துக்கு வாய்நோய் மருத்துவம் படித்த ஒருவரையோ, வாய்முகத் தாடை அறுவை மருத்துவரையோ பாருங்கள். கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே முத்துசாமி சாலையில் உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இந்த இரு துறைகளும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. காலையிலேயே போனால்தான் வெளிநோயாளிச் சீட்டு வாங்கி, எக்ஸ்ரேயும் எடுத்துக்கொண்டு அன்றே திரும்ப முடியும். வரிசை நீளம், ஆனால் அங்கே ஒரு நாளில் பார்க்கப்படும் தாடைகளின் எண்ணிக்கை தனியார் மருத்துவமனைகளில் அரிது. ஏற்கனவே எடுத்த எக்ஸ்ரேக்களையும் மருந்துச் சீட்டுகளையும், விரல் அளவுக் குறிப்பையும் கொண்டு செல்லுங்கள். பல்லை எடுக்கவோ ராவவோ வேண்டும் என்று யார் சொன்னாலும், ‘இந்தப் பல்தான் காரணம் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்’ என்று பணிவாகக் கேளுங்கள். மரப்பு ஊசிச் சோதனையோ குளிர்ச் சோதனையோ எக்ஸ்ரேயில் தெரியும் மாற்றமோ ஏதாவது ஒன்றை அவர் காட்டினால் நான் மேலே எழுதியதைவிட அவர் சொல்வதற்கே மதிப்புக் கொடுங்கள். அவர் உங்களைப் பார்த்திருக்கிறார்.

அந்தச் சத்தம் போய்விடுமா என்றும் கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். போகாமலும் இருக்கலாம். என் இடது மூட்டு மாணவப் பருவத்திலிருந்தே ஒவ்வொரு கொட்டாவிக்கும் ‘டக்’ என்கிறது. வலித்ததில்லை, மூன்று விரலும் நுழைகின்றன, அதை நான் அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.